ரிப்பன் என்பது ஓர் ஊரின் பெயர்

"அக்கா, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராகச் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. முதல் நாள் மேலாளரை 'சார்' என்று அழைத்தேன். இங்கே எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம் என்றார். அதைப் பழகிக்கொள்வதற்குள், புதிய கட்டடத்தைத் திறந்துவைக்க ஒரு 'சர்' அவர்களும் அவருடைய மனைவி 'லேடி'யும் வருகிறார்கள், வாசலில் நின்று வரவேற்கும் பொறுப்பு எனக்கு என்கிறார்கள். அவர்களை என்னவென்று அழைப்பது? இந்த லார்ட், டியூக், ஏர்ல் எல்லாம் என்ன கணக்கு?"

தங்கை, நான் இங்கே வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கும் இதே குழப்பம் இருந்தது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. அதனால் உங்களுக்கு விரிவாகவே சொல்கிறேன்.

உடனே தேவைப்படுவது இதுதான். 'சர்' என்பது முதற்பெயரோடு ஒட்டும், குடும்பப்பெயரோடு மட்டும் ஒட்டாது. பாடகர் பால் மெக்கார்ட்னியை 'சர் பால்' என்பார்கள்; 'சர் மெக்கார்ட்னி' என்றால் பிழை. சிதம்பரத்தில் பிறந்து வேதியியலில் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2012இல் இந்தப் பட்டம் கிடைத்தது. அவர் 'சர் வெங்கி'. மனைவிக்கு நேர்மாறு: 'லேடி'க்குப் பின்னால் குடும்பப்பெயர் வரும். மெக்கார்ட்னியின் மனைவி 'லேடி மெக்கார்ட்னி'. பெண்ணுக்கே அந்த நிலைப் பட்டம் கிடைத்தால் அவர் 'டேம்'. நடிகை ஜூடி டெஞ்சை 'டேம் ஜூடி' என்பார்கள். டேமின் கணவருக்கு எந்தப் பட்டமும் வராது. இது எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை.

நாம் இதில் தடுக்கி விழுவதற்குக் காரணம் இருக்கிறது. நமக்கு அப்பா பெயர் முன்னெழுத்தாக நிற்கும், நம் பெயர் ஒன்றே பெயர். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை. ஆங்கிலப் பட்டங்களில் முக்கால்வாசிச் சிக்கல், பட்டம் பெயரின் எந்தத் துண்டில் ஒட்டுகிறது என்பதில்தான் இருக்கிறது.

நாம் ஊரில் ஆசிரியரையும் நடத்துநரையும் அழைக்கும் 'சார்', நம் பழைய செய்தித்தாள்கள் 'சர் சி.வி. ராமன்' என்று அச்சிட்ட 'சர்', இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல். தமிழில் அது இரண்டாகப் பிரிந்துவிட்டது. அதன் மூலம் 'மூத்தவர்' என்று பொருள்படும் லத்தீன் சொல். பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து 'சர்' ஆனது. அதாவது நம் 'பெரியவரே' தான். அந்தப் பட்டம் பெறுபவரைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லோ பழைய ஆங்கிலத்தில் 'பையன்', 'ஏவலாள்' என்ற பொருளில் இருந்தது. எழுத்தில் முன்னால் ஊமையாக நிற்கும் 'கே'யை அந்தக் காலத்தில் வாய்விட்டு உச்சரித்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது லார்டின் கதை. பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி; இன்று கடையில் வாங்கும் 'லோஃப்' அதன் வழிவந்தது. ரொட்டியைக் காப்பவர் என்ற கூட்டுச்சொல் சுருங்கிச் சுருங்கி 'லார்ட்' ஆயிற்று. ரொட்டி மாவு பிசைபவள் என்ற சொல் 'லேடி' ஆயிற்று. இதைப் படித்த அன்று, என் பாட்டி நிலக்காரரைப் பற்றிச் சொல்லும் 'படியளக்கிற மகராசன்' என்ற பேச்சு காதில் கேட்டது. சோறு போடுபவனே தலைவன் என்று அங்கேயும் நினைத்திருக்கிறார்கள். 'குயீன்' கூட முதலில் பெண், மனைவி என்ற பொருளில்தான் இருந்தது.

இப்போது லார்டுகளின் பெயர்க் கணக்கு. நான் ஹாரோகேட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மழையில் பஸ்ஸுக்காக நின்றேன். வந்த 36ஆம் எண் பஸ்ஸின் நெற்றியில் 'ரிப்பன்' என்று எழுதியிருந்தது. சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் உள்ள வெள்ளை நிற ரிப்பன் மாளிகைதான் நினைவுக்கு வந்தது. ரிப்பன் என்பது ஒரு மனிதரின் பெயர் என்றே அதுவரை நம்பியிருந்தேன். அது ஊர்ப்பெயர், பெரிய தேவாலயம் உள்ள சிறு நகரம். 1880 முதல் 1884 வரை வைசிராயாக இருந்தவர், 'ரிப்பன் எங்கள் அப்பன்' என்று நம் முன்னோர் கொண்டாடியவர், குடும்பப்பெயரால் ராபின்சன். 'ரிப்பன் மார்க்விஸ்' என்பது அவருடைய பட்டம். அடுத்த விடுமுறையில் அதே பஸ்ஸில் ஏறிப் போய், அங்கே பூங்காவில் நிற்கும் அவருடைய சிலையைப் பார்த்துவிட்டு வந்தேன். ஊரை விட்டு வந்த அந்த மாதங்களில், தெரிந்தவர் ஒருவரைப் பார்த்ததுபோல் இருந்தது.

பாடப்புத்தகத்தில் நாம் படித்த 'பிரபு'க்கள் பலர் இப்படித்தான். சென்னையில் லேடி வில்லிங்டன் பெயரில் கல்லூரி இருக்கிறதே, அவருடைய கணவர் குடும்பப்பெயரால் ஃப்ரீமன்-தாமஸ். வில்லிங்டன் சசெக்ஸில் உள்ள ஓர் ஊர். ஆகவே பிரபுப் பட்டம் உள்ளவரைப் பட்டப்பெயரோடு 'லார்ட் இன்னார்' என்று அழைக்க வேண்டும், முதற்பெயர் கூடாது. 'லேடி'க்குப் பின்னால் முதற்பெயர் வந்தால், அவர் ஏர்லுக்கோ அதற்கு மேற்பட்டவருக்கோ மகள் என்று பொருள். டயானா மணமாகும் முன் 'லேடி டயானா' ஆனது அப்பா ஏர்ல் ஸ்பென்சர் என்பதால்தான்.

பிரபுக்களில் மேலிருந்து கீழாக ஐந்து படிகள்: டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். டியூக் என்றால் படைத்தலைவர். இங்கிலாந்தில் முதல் டியூக் பட்டம் 1337இல் மூன்றாம் எட்வர்டின் மகனுக்குக் கொடுக்கப்பட்டது. மார்க்விஸ் எல்லைப்புறத்தைக் காத்தவர். ஏர்ல் மட்டும் 1066இல் பிரான்சிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வருவதற்கு முந்தைய மண்ணின் சொல். நார்மன்கள் அதை மாற்றவில்லை. ஆனால் ஏர்லின் மனைவிக்கு மட்டும் பிரெஞ்சு வழிவந்த 'கவுண்டஸ்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. டியூக்கை மட்டும் 'யுவர் கிரேஸ்' என்பார்கள். மற்ற நால்வரையும் பேச்சில் 'லார்ட்' என்றாலே போதும்.

இன்று தொலைக்காட்சியில் காணும் லார்டுகள் எல்லாரும் கோட்டையில் பிறந்தவர்கள் என்று எண்ண வேண்டாம். 1958இல் வந்த சட்டத்துக்குப் பின் ஆயுட்காலப் பட்டம் பெற்றவர்களே பெரும்பாலும். மருத்துவர், தொழிற்சங்கத் தலைவர், ஆசிரியர் என்று வந்தவர்கள் அவர்கள். பட்டம் அவர்களோடு முடியும், பிள்ளைக்குப் போகாது.

ஸ்காட்லாந்தில் ஓர் அடி நிலம் வாங்கினால் லார்ட் ஆகலாம் என்று இணையத்தில் விளம்பரம் வரும். என் உறவுக்காரப் பையன் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டினான். அது வெறும் காகிதம். பிரபுப் பட்டத்தை அப்படி விலைக்கு வாங்க முடியாது. பட்டம் வாங்கித் தருகிறேன் என்று காசு பெறுவது 1925 முதல் சட்டப்படி குற்றம். உங்கள் சம்பளத்தை ஊருக்கு அனுப்புங்கள்.

உங்களுக்கு நாள்தோறும் உதவப்போவது வேறு சில விஷயங்கள். இல்லத்தில் உள்ளவரை அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போனால், பெரிய அறுவை மருத்துவரை 'டாக்டர்' என்னாமல் 'மிஸ்டர்' என்பார்கள். குறைத்துச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். முடிதிருத்துவோரும் அறுவை செய்வோரும் ஒரே சங்கத்தில் இருந்த காலத்தில் அவர்களுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. அந்தப் பழைய வழக்கத்தை இன்று பெருமையாக வைத்திருக்கிறார்கள். 'சிஸ்டர்' என்று எல்லாச் செவிலியரையும் அழைக்காதீர்கள். இங்கே அது வார்டுப் பொறுப்பாளரின் பதவிப்பெயர்.

எங்கள் இல்லத்தில் பட்டமுள்ள ஒரு மூதாட்டி இருந்தார். முதல் நாள் காலை நான் 'லேடி' என்று தொடங்கியதும், தலையணையில் இருந்தபடியே கையை உயர்த்தித் தடுத்து, தன் முதற்பெயரைச் சொன்னார். அடுத்த அறையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு 'மிஸஸ்' சேர்க்காவிட்டால் முகம் வாடிவிடும். இரண்டுமே அவர்களுடைய பராமரிப்புத் தாளில், எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்ற வரியில் எழுதப்பட்டிருந்தன. நான்தான் படிக்காமல் உள்ளே போயிருந்தேன்.

திறப்பு விழா அன்று முதலில் 'குட் மார்னிங், சர் இன்னார். குட் மார்னிங், லேடி இன்னார்' என்று ஒருமுறை சொல்லுங்கள். கை நீட்டினால் குலுக்குங்கள். குனிய வேண்டியதில்லை. இரண்டு பெயர்களையும் மேலாளரிடம் எழுதி வாங்கி, உச்சரிப்பையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், நாளைக் காலைப் பணிக்குப் போனதும் உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவரின் தாளிலும் அந்த வரியைப் பாருங்கள். காலியாக இருந்தால் அவரிடமே கேட்டு எழுதிவிடுங்கள்.