நாடகத்தைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது பற்றி: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

புதுச்சேரியில் அரங்கக் கலையில் முதுகலை முடித்துவிட்டு, இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். சேர்க்கை நேரம் என்பதால் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, பிளஸ் டூ முடித்ததும் நேரடியாக நாடகம் படிக்க முடியுமா? (கடலூர் மாணவர்)

முடியும் தம்பி, ஆனால் ஊர் தாண்ட வேண்டியிருக்கும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இருக்கும் நிகழ்கலைப் பள்ளியில் பெரும்பாலோர் சேர்வது இரண்டாண்டு முதுகலையில். அதற்கு ஒரு பட்டம் வேண்டும், முதுகலைக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் பி.ஜி.யும் எழுத வேண்டும். இளங்கலையிலேயே நாடகம் வேண்டுமென்றால் திருச்சூர் அரணாட்டுக்கரையில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. மலையாள நாடக ஆசிரியர் ஜி. சங்கரப் பிள்ளை 1977இல் தொடங்கியது. நம்முடைய நாடக இயக்குநர் சே. இராமானுஜம் அங்கே ஆசிரியராக இருந்தவர்தான், பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். திருச்சூர் போவதானால் மலையாளம் கேட்டுப் பழகிக்கொள்.

இல்லையென்றால் உனக்குப் பிடித்த எந்தப் பட்டமும் படி. தமிழ், வரலாறு, இயற்பியல், எதுவும் வீணாகாது. அந்த மூன்று வருஷமும் ஏதாவது ஒரு நாடகக் குழுவோடு இரு, அது முக்கியம்.

இரண்டு வருஷமும் நடிப்பு மட்டும்தானா? வேறு என்ன சொல்லித் தருகிறார்கள்? (மதுரை)

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. நடிப்பு அதில் ஒரு பங்குதான்.

காலையில் உடற்பயிற்சி, குரல் பயிற்சி. அப்புறம் கோட்பாட்டு வகுப்பு. பரதரின் நாட்டிய சாத்திரம் பேசும் ரசங்களையும் (சுவைகள்) தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளையும் (உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்போம். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, பிரெக்ட், க்ரோட்டோவ்ஸ்கி என்ற ஐரோப்பிய நாடக இயக்குநர்கள் மூவரும் நடிகரிடம் வெவ்வேறு விஷயங்களைக் கேட்பவர்கள். அதைப் படித்தால் மட்டும் புரியாது, ஒரே காட்சியை மூன்று விதமாகச் செய்து பார்த்தால்தான் புரியும்.

மதியத்துக்கு மேல் அரங்க அமைப்பு, உடை, ஒப்பனை, ஒளியமைப்பு. எனக்கு மிகவும் பிடித்தது ஒளி வகுப்பு. நடிகரின் முகத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் சுமார் 45 பாகைக் கோணத்தில் விளக்கு வைத்தால் கண்குழியில் இருள் விழாது, முகமும் தட்டையாகத் தெரியாது. இது மேலைநாட்டுப் பாடம். ஆனால் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துப் பாருங்கள். அரங்கம் ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவு சொல்கிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரை. தூணின் நிழல் ஆடும் இடத்தில் விழாதபடி விளக்கை ஏற்றி வைக்கச் சொல்கிறது. அதை எழுதியவர் மேடையில் நின்று நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்திருக்க வேண்டும். தமிழில் நாடகம் படிக்கிற பிள்ளை ஒவ்வொன்றும் அந்தக் காதையைக் கையில் அளவுகோலோடு படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

தெருக்கூத்துப் பயிற்சி தனி. கிறுக்கி என்ற வேகச் சுழற்சியைச் சுற்றிக்கொண்டே பாட வேண்டும். அப்போதுதான் நமக்கு மூச்சு எவ்வளவு குறைவு என்று தெரியும். கூத்துக் கலைஞர்கள் விடிய விடிய ஆடுவதற்குப் பின்னால் எவ்வளவு பயிற்சி இருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைக்கும். படிக்கும்போதே செய்யாறு பக்கம் புரிசைக்கோ, திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா நடக்கும் எந்த ஊருக்கோ போய் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். கூத்தின் கோமாளியும் கதைசொல்லியுமான கட்டியங்காரன் கூட்டத்தோடு பேசிக்கொண்டே கதையையும் நடத்திப் போகிற விதத்தை எந்த வகுப்பிலும் முழுசாகச் சொல்லித்தர முடியாது.

கடைசியில் தயாரிப்பு. ஒருவர் இயக்குவார், மற்றவர்கள் நடிப்பார்கள், ஆணி அடிப்பார்கள், விளக்கு ஏற்றுவார்கள், டிக்கெட் கிழிப்பார்கள். அடுத்த நாடகத்தில் வேலை மாறும். இயக்குநராக நின்றவருக்கு அடுத்த மாதம் திரை இழுக்கும் வேலை வரும். இந்தப் படிப்பில் கிடைக்கும் பெரிய பாடம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

என் மகள் இதில் சேர வேண்டும் என்கிறாள். வேலை கிடைக்குமா? இரவு ஒத்திகை என்கிறார்களே, அதுவும் கவலையாக இருக்கிறது. (திருநெல்வேலியிலிருந்து ஒரு தந்தை)

ஐயா, உங்கள் கவலை நியாயமானது, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். படித்து முடித்த மறுமாதமே நிலையான சம்பளம் என்பது இதில் அரிது. ஆனால் வழிகள் உண்டு. யு.ஜி.சி. நெட் தேர்வில் நிகழ்கலை தனிப் பாடமாக இருக்கிறது. அதில் தேறினால் கல்லூரி ஆசிரியராகலாம், ஆய்வுக்கும் போகலாம். நாடக ஆசிரியர் வைத்துக்கொள்ளும் தனியார் பள்ளிகள் இருக்கின்றன, நானே அந்த வேலைதான் செய்கிறேன். மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. நாடகமும் அதில் அடங்கும். முதல் சில வருஷம் வருமானம் ஏற்ற இறக்கமாக இருக்கும். அதை வீட்டில் முன்னாலேயே பேசிவிடுவது நல்லது.

இரவு ஒத்திகை உண்மைதான். நாடகம் நெருங்கும்போது நேரமாகும். விடுதி நேரம் என்ன, ஒத்திகை முடிந்தபின் மாணவிகள் எப்படித் திரும்புகிறார்கள், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று சேரும்போதே நேரில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. முடிந்தால் மாணவர்கள் போடும் நாடகம் ஒன்றை மகளோடு வந்து பாருங்கள்.

சினிமாவுக்குப் போக இது குறுக்குவழியா? (சென்னை)

இல்லை. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் நாடகத்திலிருந்து வந்தவர்கள்தான், ஆனால் அவர்கள் வந்தது ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு வழியாக, வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்து. சினிமா மட்டுமே நோக்கம் என்றால் இரண்டு வருஷத்தை இங்கே செலவிட வேண்டாம்.

டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கு முயலலாமா? எனக்கு இந்தி வராது. (கோயம்புத்தூர்)

முயலுங்கள். 1959இல் தொடங்கிய அந்தப் பள்ளியை 1962 முதல் 1977 வரை இப்ராகிம் அல்காசி நடத்தினார். இன்றைக்கும் அங்கே நிலவும் ஒழுங்கு பெரும்பாலும் அவர் போட்ட பாதை. மூன்றாண்டுப் பட்டயம், படிக்கும்போது உதவித்தொகை உண்டு. ஆசிரியர் வேலைக்கும் ஆய்வுப் படிப்புக்கும் அந்தப் பட்டயம் முதுகலைக்குச் சமமாக ஏற்கப்படுகிறது. முதல் கட்டத் தேர்வு, பிறகு டெல்லியில் சில நாள் பட்டறை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். நீங்கள் நாடகங்களில் பங்கேற்றதற்கான சான்றுகள் கேட்பார்கள், ஒவ்வொரு நிகழ்ச்சியின் அழைப்பிதழையும் பத்திரமாக வையுங்கள்.

இந்தி இல்லாமல் போனால் முதல் வருஷம் சிரமம்தான், போய்ச் சேர்ந்தபின் பழகிவிடும். அந்தத் தூரம் வேண்டாமென்றால் அதே பள்ளியின் பெங்களூரு மையத்தில் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்தில் நீநாசம் என்ற நாடக அமைப்பு நடத்தும் ஓராண்டுப் படிப்பும் அருமையானது. ஒரு கிராமம் முழுக்க நாடகம் பார்க்கப் பழகியிருப்பதை அங்கே காணலாம்.

வணக்கம் அக்கா, நான் ஏ.எல்.லில் (இலங்கையின் உயர்தரப் பள்ளித் தேர்வு) நாடகமும் அரங்கியலும் எடுத்தேன். மேற்படிப்புக்கு இந்தியா வருவது நல்லதா? (மட்டக்களப்பு)

தம்பி, பள்ளியிலேயே இது ஒரு பாடமாக இருப்பதைக் கேட்டு எங்கள் பிள்ளைகள் பொறாமைப்படுவார்கள். முதல் பட்டத்தை உங்கள் ஊரிலேயே படியுங்கள் என்பேன். கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக் கூத்தையும் வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் ஆடும் அண்ணாவிமார் (கூத்து ஆசிரியர்கள்) பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் அந்தக் கூத்தைச் சுருக்கி, கர்ணன் போர், இராவணேசன் என்று நவீன மேடைக்குக் கொண்டுவந்தது தமிழ் அரங்கில் பெரிய வேலை. அதில் ஆடிய மௌனகுரு பிறகு அதைத் தொடர்ந்தார். அந்த மரபை உடம்பில் ஏற்றிக்கொண்டு அப்புறம் முதுகலைக்கு இந்தப் பக்கம் வாருங்கள், எங்களுக்கும் கற்றுக்கொள்ள இருக்கும்.

எனக்குக் கூச்சம் அதிகம், குரலும் மெல்லியது. சேரலாமா? (திருச்சி)

தாராளமாக. குரல் பயிற்சியில் வளர்வதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். கூச்சமுள்ளவர்கள் மற்றவர் பேசுவதை நன்றாகக் கவனிப்பார்கள். மேடையில் அது பெரிய பலம்.

நேர்முகத்துக்கு, நடிப்புத் தேர்வுக்கு எப்படித் தயாராவது? (சேலம்)

உங்கள் வட்டாரப் பேச்சில் ஒன்று, செய்யுள் நடையில் ஒன்று என்று இரண்டு துண்டுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மூன்று நிமிடத்துக்குள் முடியட்டும். சினிமா வசனம் வேண்டாம். ஒரு பாட்டு தெரிந்தால் போதும், தாலாட்டோ ஒப்பாரியோ நீங்கள் வீட்டில் கேட்டு வளர்ந்ததாக இருக்கட்டும். கடைசியாகப் பார்த்த நாடகத்தைப் பற்றிக் கேட்பார்கள், அதற்காகவாவது இந்த மாதம் ஒன்று பார்த்துவிடுங்கள். தரையில் புரளச் சொன்னாலும் புரளக்கூடிய தளர்வான பருத்தி உடையில் போங்கள்.