கேஸ் ஷீட் முதல் அவசர வழி வரை: ஆஸ்பத்திரியில் நாம் கேட்டு வாங்க வேண்டியவை

குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தக்கலை வாசகி): அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது, மறுபடியும் வலி. வேறு டாக்டரிடம் காட்டலாம் என்று, ஆபரேஷன் செய்த தனியார் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் கேட்டோம். "டிஸ்சார்ஜ் சம்மரி தந்தாச்சே, கேஸ் ஷீட் எங்களுக்குச் சொந்தம், கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்கிறார்கள். பில்லிலும் "தியேட்டர் மற்றும் இதர செலவு" என்று ஒரே வரியில் பெரிய தொகை போட்டிருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கோர்ட் ஆர்டர் எதுவும் தேவையில்லை. டாக்டர்களின் தொழில் நடத்தையைக் கட்டுப்படுத்தும் 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது. உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மூலக் கோப்பு அவர்களிடமே இருக்கட்டும், நமக்கு வேண்டியது நகல். ஜெராக்ஸ் செலவைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

கவுன்டரில் வாயால் கேட்டால் வாயாலேயே பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அம்மாவின் பெயர், உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, வீட்டுக்கு வந்த தேதி ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். அதன் கீழே கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ் சார்ட், சம்மதப் படிவம், லேப் ரிப்போர்ட்டுகள் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கர்ப்பப்பையை எடுத்திருந்தால் பயாப்ஸி ரிப்போர்ட்டை மறக்கவே வேண்டாம். அடுத்து பார்க்கப் போகும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். அம்மா கையெழுத்துப் போடட்டும். உங்களை அனுப்புவதாக இருந்தால் அதையும் ஒரு வரியில் எழுதட்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதி, நேரம், முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த 72 மணி நேரத்தைக் கணக்கு வைக்க உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தாள்தான்.

சம்மரி இருக்கிறதே, பிறகு இது எதற்கு என்று தோன்றலாம். சம்மரி எல்லாம் முடிந்த பிறகு எழுதுவது. எத்தனை மணிக்கு ரத்த அழுத்தம் இறங்கியது, யார் வந்து பார்த்தார்கள், எந்த மருந்து எப்போது ஏறியது என்று அந்தந்த நேரத்தில் பதிந்தது கேஸ் ஷீட்டிலும் நர்ஸ் சார்ட்டிலும்தான் இருக்கும். ஆவணத்தைத் தராமல் மறைக்கும் ஆஸ்பத்திரிகளை நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் சேவைக் குறைபாடு என்று கண்டித்திருக்கின்றன. 72 மணி நேரத்தில் தராத டாக்டர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். அந்த ஒழுங்குமுறையே அதைத் தொழில்முறைத் தவறு என்கிறது.

பில்லையும் விடாதீர்கள். இனவாரியான விவரப் பில் கேட்பது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தின் 17 உரிமைகளில் ஆவணங்களைப் பெறுவதும் கட்டண விவரத்தை அறிவதும் இருக்கின்றன. சாசனம் தனியாக ஒரு சட்டம் இல்லை. ஆனாலும் மத்திய சுகாதார அமைச்சகமே அதை மாநிலங்களுக்கு அனுப்பி நடைமுறைப்படுத்தச் சொல்லியிருக்கிறது, அதனால் உங்கள் கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

கேள்வி (தோவாளை வாசகர்): ஆபரேஷனுக்கு முன்னால் நாலைந்து தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு தாளில் எதுவுமே எழுதவில்லை. "எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார் நர்ஸ். இது செல்லுமா?

பதில்: வெற்றுத் தாளில் போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தந்த தீர்ப்பு இதில் நமக்குப் பெரிய துணை. நோய் என்ன என்று பார்க்கும் சோதனைக்கு மட்டும் சம்மதம் தந்திருந்த ஒரு பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கியதாகச் சொன்னார்கள். நோயாளி சுயநினைவோடு முடிவு எடுக்கக்கூடியவராக இருக்கும்போது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், அம்மா தந்த சம்மதம் போதாது என்றது நீதிமன்றம். ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குப் பொருந்தாது என்றும் சொன்னது.

நம் ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றால் மகனிடமும், மனைவிக்கு என்றால் கணவரிடமும் கையெழுத்து வாங்குவது வழக்கமாகிவிட்டது. நினைவோடு இருக்கும் பெரியவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், அவரே கையெழுத்துப் போட வேண்டும். என்ன ஆபரேஷன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதெல்லாம் அவருக்குப் புரியும் மொழியில், தமிழிலோ மலையாளத்திலோ, எழுதியிருக்க வேண்டும். கோடிட்ட இடம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் குறுக்குக் கோடு போடுங்கள், தேதியும் நேரமும் எழுதுங்கள். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகர்): உள்ளே இருக்கும் மெடிக்கல்ஸில்தான் மருந்து வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார்கள். வெளியே அதே மருந்து விலை குறைவு.

பதில்: எந்தக் கடையில் மருந்து வாங்குவது, எந்த லேபில் பரிசோதிப்பது என்பதை நீங்களே தேர்வு செய்யலாம். சாசனத்தில் இதுவும் ஓர் உரிமை. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரச்சினையை விசாரித்தபோது, மாநில அரசுகள் இதற்குக் கொள்கை வகுக்கட்டும் என்று விட்டுவிட்டது. ஆகவே சீட்டை வாங்கி வெளியே வாங்கி வாருங்கள். அதே மருந்தா, அதே அளவா, காலாவதி தேதி என்ன என்று பார்த்து, பில்லோடு கொடுங்கள். ஐசியுவில் நள்ளிரவில் உடனே ஏற்ற வேண்டிய மருந்துக்காக மட்டும் இந்தச் சண்டை வேண்டாம், உயிர்தான் முக்கியம். பில் இல்லாமல் மருந்து விற்பதும், அட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவதும் எந்தக் கடையிலும் குற்றம்தான்.

கேள்வி (குளச்சல் வாசகி): பிரசவத்துக்காக மகளைச் சேர்க்க ஓர் ஆஸ்பத்திரியைப் பார்த்து வைத்திருக்கிறோம். டாக்டர் நல்லவர். ஆனால் மூன்றாவது மாடியில் வார்டு, ஒரே மாடிப்படி. படியோரம் பழைய கட்டில்களை அடுக்கியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது. நான் அதிகமாக யோசிக்கிறேனா?

பதில்: இல்லை. டாக்டரின் கைராசியைப் பார்க்கிற நாம் கட்டடத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி.

2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது, தப்பிக்க லிஃப்டில் ஏறியவர்கள் அதற்குள்ளேயே மயங்கிக் கிடந்தார்கள், உயிர்கள் போயின. 2011 டிசம்பரில் கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் விடியற்காலைத் தீயில் சுமார் 90 பேர் இறந்தார்கள். கார் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எரியும் பொருட்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். நெருப்பு அடித்தளத்தில்தான், நோயாளிகள் மேல் மாடிகளில் புகை மூட்டத்தில் மூச்சுத்திணறி இறந்தார்கள். இரண்டு இடத்திலும் ஆளைக் கொன்றது பெரும்பாலும் புகைதான். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, புகை சூழ்ந்தால் என் மகளும் பிறந்த குழந்தையும் எந்த வழியாக வெளியே வருவார்கள் என்பது.

சேர்க்கும் முன் ஒரு மாலை நேரம் நிதானமாக நடந்து பாருங்கள். இரண்டாவது மாடிப்படி எங்கே? அதன் கதவு பூட்டியிருக்கிறதா? ஸ்ட்ரெச்சர் இறங்கும் அகலம் இருக்கிறதா, அல்லது சரிவுப்பாதை உண்டா? சுவரில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பானில் எப்போது நிரப்பினார்கள் என்ற சீட்டு இருக்கும், அதன் முள் பச்சையில் நிற்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர்களை மின் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் அது மிக ஆபத்து. ஆக்சிஜன் கசிந்த இடத்தில் சின்னப் பொறியும் நொடியில் பெருந்தீயாகும். லிஃப்டுக்கும் உரிமம் வேண்டும். 1997ஆம் ஆண்டு லிஃப்ட் சட்டத்தின்படி அரசு மின் ஆய்வுத் துறை அதை வழங்குகிறது.

குப்பையையும் பாருங்கள், அது நிர்வாகத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் தோய்ந்த பஞ்சும் உடல் பகுதிகளும் மஞ்சள் பையில், டியூபும் பாட்டிலும் சிவப்பில், ஊசி முனைகள் துளைபடாத வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில் போக வேண்டும். ரத்தம் தோய்ந்த பஞ்சு, உடல் பகுதி போன்ற கழிவைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. களியக்காவிளை வழியாக லாரியில் வரும் கேரளக் கழிவைக் கண்டால் கொதிக்கிறோம், அது நியாயமே. நம் தெரு ஆஸ்பத்திரியின் பின்வாசலையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இலேயே வந்தது, விதிகள் 2018இல் வந்தன. பதிவு பெற்ற நிறுவனமா என்று வரவேற்பறையில் சான்றிதழைத் தேடுங்கள். இல்லை என்றால் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் மாவட்ட இணை இயக்குநரிடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில், பதிவு உண்டா, கடைசியாக எப்போது ஆய்வு செய்தார்கள், தீயணைப்புத் துறைச் சான்று எதுவரை செல்லும் என்று கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். பிரசவத் தேதிக்கு முன்பே பதில் வர, இன்றே அனுப்புங்கள். படியில் கிடக்கும் கட்டில்களைப் படம் எடுத்துத் தீயணைப்பு நிலையத்துக்கும், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளுக்கும் மனுவாகக் கொடுக்கலாம். "என்.ஏ.பி.எச்." பலகை இருந்தால் நல்லதுதான், அது விருப்பத்தின்பேரில் வாங்கும் தரச்சான்று. தீயணைப்புச் சான்றுக்கு அது மாற்று இல்லை.

கேள்வி (கொல்லங்கோடு வாசகர்): மச்சான் ஐசியுவில் இறந்துவிட்டார். பாக்கி கட்டினால்தான் உடலைத் தருவோம் என்று விடிய விடிய உட்கார வைத்தார்கள். இதற்கு நியாயம் கிடைக்குமா?

பதில்: உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறேன். உடலைப் பிணையாகப் பிடித்து வைக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் அதிகாரம் கிடையாது. பில் பாக்கி ஒரு கடன், அதை வசூலிக்க சிவில் நீதிமன்றம் இருக்கிறது. நோயாளியையோ உடலையோ கட்டணத் தகராறுக்காக நிறுத்தி வைக்கக் கூடாது என்று சாசனம் தனி உரிமையாகவே சொல்கிறது. இப்படி நடக்கும் நேரத்தில் 112ஐ அழைத்துப் போலீசை வரவழையுங்கள், பேசியவர்களின் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். உங்கள் விஷயத்தில் இப்போதும் இணை இயக்குநரிடமும் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் தரலாம். இன்சூரன்ஸ் இருந்திருந்தால் இன்னொன்றும் உண்டு. இன்சூரன்ஸ் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையத்தின் 2024 மே மாதத்துச் சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் டிஸ்சார்ஜ் ஒப்புதலை இன்சூரன்ஸ் நிறுவனம் மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும், மரணம் என்றால் உடலை உடனே விடுவிக்க வழி செய்ய வேண்டும்.

கேள்வி (களியக்காவிளை வாசகர்): திருவனந்தபுரத்தில் சிகிச்சை பார்த்தோம், தவறு நடந்துவிட்டது. வழக்குக்கு அங்கேதான் போக வேண்டுமா? அரசு ஆஸ்பத்திரி என்றால் வழக்குப் போட முடியாது என்கிறார்களே?

பதில்: அங்கே போக வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார் தருபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். உங்களுக்கு நாகர்கோவில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேதான் விசாரணை, அதில் 5 லட்சம் வரை ஆணையக் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் சிகிச்சைத் தவறு வழக்கில் வேறொரு மருத்துவரின் எழுத்துக் கருத்து இருந்தால் வழக்கு நிற்கும். கெடு இரண்டு ஆண்டு. சமாதானப் பேச்சில் நாளைக் கடத்திவிடாதீர்கள். கேரளத்துக்கெனத் தனியாக 2018ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனச் சட்டம் உண்டு, பதிவு சம்பந்தமான புகாரை மட்டும் அங்குள்ள அதிகாரிகளுக்கு அனுப்புங்கள்.

மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் சேவைதான் என்று 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் மட்டும் இதில் வராது. ஆசாரிப்பள்ளம் போன்ற அரசு மருத்துவமனையில் குறை என்றால் அங்குள்ள மருத்துவக் கண்காணிப்பாளர், பிறகு மாநில மனித உரிமை ஆணையம் அல்லது இழப்பீடு கேட்டு நீதிமன்றம் என்று போக வேண்டும். அங்கேயும் ஆவணங்களின் நகல் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எந்த வழியில் போனாலும் முதலில் தேவைப்படுவது கேஸ் ஷீட்தான், அதற்கான மனுவை நாளைக் காலையிலேயே திருவனந்தபுரத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள்.