நாலு பேரைப் பார்க்க வேண்டாம், ஒருவனைப் பார்த்தால் போதும்

டல்லாஸ் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மகன் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு இவர் உதவிப் பயிற்சியாளர். பையன்களுக்குப் பத்து, பதினொரு வயது. "பாஸ் பிடிக்கும் ரிசீவர்கள் நாலு பேரைப் பரப்பி நிறுத்தி ஸ்ப்ரெட் பாஸ் சொல்லிக்கொடுத்தோம். போர்டில் வரைந்தால் அழகாக இருக்கிறது. மைதானத்தில், பந்தை எறியும் குவார்ட்டர்பேக் நாலு பேரையும் பார்த்து முடிப்பதற்குள் எதிரணி அவன்மேல் விழுந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?"

நாலு பேரையும் பார்க்கச் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். அந்த வயதில் அது முடியாது, தேவையும் இல்லை. எதிரணியில் ஒரே ஒருவனைப் பார்த்தால் போதும் என்கிற ஆட்டம் (முன்கூட்டியே திட்டமிட்ட நகர்வு, 'ப்ளே') ஒன்று இருக்கிறது: ஸ்லான்ட்-ஃபிளாட்.

இரு பக்கமும் இரண்டிரண்டு ரிசீவர்கள். ஓரத்தில் நிற்பவன் பந்து இருக்கும் தொடக்கக் கோட்டின் மேல், உள்ளே நிற்கும் ஸ்லாட் ஒரு யார்டு பின்னால். இந்த ஒரு யார்டில் கண்டிப்பாக இருங்கள். இருவரும் கோட்டிலேயே நின்றால் ஸ்லாட்டுக்கு பாஸ் பிடிக்கும் தகுதி போய்விடும்.

ஸ்னாப் ஆனதும், அதாவது பந்து குவார்ட்டர்பேக்கிடம் எறியப்பட்டதும், ஸ்லாட் பக்கவாட்டுக் கோட்டை நோக்கி ஓடுகிறான், நாலைந்து யார்டு ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. இதுதான் ஃபிளாட். ஓரத்து ரிசீவர் நேராக மூன்று எட்டு வைத்து உள்பக்கம் சாய்வாக வெட்டுகிறான். இதுதான் ஸ்லான்ட். குவார்ட்டர்பேக்கின் கண் ஸ்லாட்டுக்கு எதிரே, எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் மேல். அவன் ஸ்லாட்டைத் துரத்தி வெளியே போனால் பந்து ஸ்லான்ட்டுக்கு, உள்ளேயே நின்றால் ஃபிளாட்டுக்கு. கிரிக்கெட்டில் ஃபீல்டர் நகர்ந்த இடத்தைப் பார்த்துத் தட்டிவிடுகிற அதே புத்திதான். இரண்டும் தெளிவாக இல்லையா? பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடட்டும். இரண்டு யார்டு கிடைத்தாலும் நல்லதே.

ஸ்லான்ட் கெடுவது பெரும்பாலும் காலில்தான். ஓரத்து ரிசீவர் உள்பக்கக் காலை முன்னால் வைத்து நிற்க வேண்டும். அப்போதுதான் முதல் எட்டும் மூன்றாவது எட்டும் வெளிக்காலில் விழும், அந்த வெளிக்காலை ஊன்றி உள்ளே திரும்பலாம். கால் மாறி நின்றால் நாலாவது எட்டு தேவைப்படும், பந்து அவனைத் தாண்டிப் போய்விடும். வெட்டிய உடனே தலையைத் திருப்பிக் கைகளைக் காட்ட வேண்டும். பல பையன்கள் இன்னும் ரெண்டு எட்டு ஓடிவிட்டுத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

எறிவது நெஞ்சு உயரத்துக்கு, உடம்புக்குச் சற்று முன்னால். உயரமாகப் போகும் ஸ்லான்ட் விரலில் பட்டு மேலே எழும்பினால் எதிரணியில் கடைசியாகப் பின்னால் நிற்கும் சேஃப்டிக்கு அது இலவசப் பந்து. பெரியவர்கள் பந்தும் வேண்டாம். 9 முதல் 12 வயதுக்கென்றே ஜூனியர் அளவு விற்கிறது, உங்கள் லீக் அனுமதித்தால் அதையே எடுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, ஸ்னாப். ஷாட்கனில் (குவார்ட்டர்பேக் பின்னால் தள்ளி நிற்கும் முறை) முன்வரிசை நடுவில் நிற்கும் சென்டர் கால்களுக்கு நடுவே பின்னால் எறியும் பந்து தலைக்கு மேல் போனால் மற்ற எதற்கும் அர்த்தமில்லை. குவார்ட்டர்பேக் நாலு யார்டு தள்ளி நின்றால் போதும். பயிற்சி தொடங்கும் முன் அந்த இருவரும் தனியாக ஸ்னாப் போட்டுப் பழகட்டும். முன்வரிசையில் தடுக்கும் லைன்மேன்களுக்கு ஒரே விதி: உள்பக்க ஆளை முதலில் தடு. வெளியிலிருந்து வருபவன் சுற்றி வருவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்கும்.

பயிற்சியில் முதலில் எதிராளி இல்லாமல் எறியட்டும். அப்புறம் நீங்களே லைன்பேக்கராக நில்லுங்கள். ஸ்னாப் ஆனதும் ஒரு முறை வெளியே ஓடுங்கள், ஒரு முறை உள்ளேயே நில்லுங்கள். பாஸ் விழுந்ததா என்பதை அப்போது பார்க்காதீர்கள். சரியான ஆளுக்கு எறிந்தானா என்று மட்டும் பாருங்கள், பிடி தவறினாலும் அதற்குப் பாராட்டுங்கள். முடிவெடுக்கப் பழகிய பிறகு பதினோரு பேரைக் கொண்டுவரலாம்.

புது ஆட்டம் சேர்க்க ஆசை வரும். பொறுங்கள். 1989-இல் அயோவா வெஸ்லியன் கல்லூரியில் பயிற்சியாளர்கள் ஹால் மம்மியும் மைக் லீச்சும் பாஸையே நம்பும் ஏர் ரெய்ட் முறையை வளர்க்கத் தொடங்கியபோது அவர்கள் நம்பியது கொஞ்சம் ஆட்டங்களையும் ஏராளமான பயிற்சியையும்தான். கல்லூரிப் பையன்களுக்கே அப்படியென்றால் பத்து வயதுக்கு இந்த ஒரு பாஸும், அதே அணிவகுப்பிலிருந்து ஒரு ரன்னும் (எறியாமல் பந்தோடு ஓடுவது) போதும். ரன் கட்டாயம் வேண்டும். ரன் வரும் என்ற பயம் இல்லாவிட்டால் அந்த லைன்பேக்கர் உள்ளே நிற்கவே மாட்டான், ஃபிளாட் திறக்காது.

மேட்சில் இதை முதல் டவுனிலேயே (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் முதலாவது) கூப்பிடுங்கள். மூன்றாவது டவுனில் பன்னிரண்டு யார்டு தேவைப்படும்போது இந்த ஆட்டம் அவ்வளவு தூரம் எடுத்துத் தராது.