பயிற்றுநரை மாற்றினால் ஹரிமாவ் மலாயா தேறுமா? நம் பிள்ளைகளை ஏன் தேசிய அணியில் காணோம்?

கேட்டவர் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். நம் மலேசியத் தேசியக் காற்பந்து அணியான ஹரிமாவ் மலாயா தோற்கும்போதெல்லாம் பயிற்றுநரை மாற்றுகிறார்களே, பலன் உண்டா? ஒரு காலத்தில் ஆறுமுகமும் சந்திரனும் ஆடிய அணியில் இன்று தமிழ்ப் பெயர் ஏன் அபூர்வமாகிவிட்டது? அவருடைய அக்கா மகன் நன்றாக ஆடுகிறானாம், அவனை நம்பி இதில் இறக்கலாமா?

நான் இருப்பது நெகிரி செம்பிலானில் உள்ள பகாவ். சுற்றிலும் தோட்டம், ஃபெல்டா (அரசு நிலக் குடியேற்றம்), மறுபடியும் தோட்டம். மாலையில் எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) பையன்களுக்குப் பந்து பழக்கிக்கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, ‘அண்ணே’ என்று கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். அங்கிருந்து பார்க்கும்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

பயிற்றுநர் மாற்றத்தால் மட்டும் எதுவும் நடக்காது. கணக்கைப் பாருங்கள். 2009 தொடக்கத்தில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் 0-5 என்று தோற்றதும் பி. சத்தியநாதன் போனார், கே. ராஜகோபால் வந்தார். 2013 முடிவில் ராஜகோபாலின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை, டோல்லா சாலே வந்தார். அவர் 2014இல் ஆசியான் கிண்ண இறுதிவரை கொண்டுபோனார். அடுத்த ஆண்டே பாலஸ்தீனத்திடம் 0-6, பிறகு அதே அரபு சிற்றரசிடம் 0-10. அவரும் போனார். (நம் பயிற்றுநர்களுக்கு எமன் அந்தத் திசையிலிருந்துதான் வருவான் போலிருக்கிறது.) அப்புறம் ஓங் கிம் சுவீ, 2017இல் ஓராண்டுகூட நிற்காத போர்ச்சுகல்காரர் நெலோ விங்காடா, 2018இல் இறுதியாட்டம் வரை போன டான் செங் ஹோ, 2022இல் கொரியாவிலிருந்து கிம் பான் கோன், 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியர் பீட்டர் க்லமோவ்ஸ்கி. வந்தவர்களில் பலர் முதலில் நம்பிக்கை கொடுத்தார்கள். பிறகு ஏதோ ஓர் இடத்தில் அணி சறுக்கியது. ஆள் மாறினார், சறுக்கல் மாறவில்லை.

இதில் நின்று பார்க்க வேண்டிய காலம் 2009 முதல் 2011 வரை. எல்லாரும் ராஜகோபாலைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் அப்போது என்ன நடந்தது என்பதைப் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். 2010 டிசம்பர் 1ஆம் தேதி, ஜகார்த்தாவில் ஆசியான் கிண்ண முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 என்று அடிவாங்கினோம். இன்றைக்கு அப்படி ஒரு தோல்வி வந்தால் அன்றிரவே முகநூலில் பயிற்றுநருக்குக் கருமாதி செய்துவிடுவார்கள். அதே மாதம் 26ஆம் தேதி, புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்றோம். சாஃபி சாலி இரண்டு கோல், அஷாரி ஒன்று. லேசர் விளக்கை அடிக்கிறார்கள் என்று அவர்கள் புகார் செய்து ஆட்டம் சற்று நேரம் நின்றதும் அன்றுதான். மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும், மொத்தத்தில் 4-2. கிண்ணம் நமக்கு. பிரதமர் பொதுவிடுமுறையே விட்டார்.

அது எப்படிச் சாத்தியமானது? ராஜகோபால் அந்தப் பையன்களில் பலரை முந்தைய ஆண்டே 23 வயதுக்குட்பட்ட அணியில் வைத்துப் பழக்கியிருந்தார். வியன்டியானில் வியட்நாமை 1-0 என்று வென்று, இருபது ஆண்டுக்குப் பிறகு சீ விளையாட்டு (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) தங்கம் எடுத்த அணி அது. எவன் எங்கே ஓடுவான், எவன் பந்தைக் கேட்பான், எவன் பயப்படுவான் என்று அவருக்குத் தெரியும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2009 முதல் 2011 வரை மலேசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இடமே இல்லை. சிலாங்கூரானாலும் கிளந்தானானாலும் நெகிரி செம்பிலானானாலும் முன்களத்தில் நிற்பவன் உள்ளூர்க்காரன்தான். கோல் அடிக்கும் வேலை அவன் தலையில்தான் விழும். சாஃபி சாலி வாராவாரம் அந்தப் பொறுப்பைச் சுமந்துவிட்டு வந்தவர். ஐந்து கோலுடன் அந்தப் போட்டியில் அதிக கோல் அடித்தவரும் அவரே.

2012இல் தடையை நீக்கினார்கள். லீக்கின் தரம் உயர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஜோகூரின் ஜேடிடி 2014இலிருந்து தொடர்ந்து பட்டம் எடுக்கிறது, ஆசிய அளவிலும் பெயர் வாங்கியிருக்கிறது. ஆனால் எந்த அணியின் ஆட்டத்தையும் எடுத்துப் பாருங்கள், நடுமுன்களத்தில் யார்? பெரும்பாலும் பிரேசில்காரர், ஆப்பிரிக்கர். உள்ளூர்ப் பையன் ஓரத்தில் ஓடுவான், இல்லையென்றால் எழுபதாவது நிமிடத்தில் இறங்குவான். அவனைத் தேசிய அணிக்குக் கூப்பிட்டு, “நீதான் கோல் அடிக்கணும்” என்றால் அவன் என்ன செய்வான்? இதற்கு எந்தப் பயிற்றுநரிடமும் மருந்து இல்லை.

அதனால்தான் குறுக்குவழி தேடினார்கள். வெளிநாட்டில் வளர்ந்த மலேசிய வம்சாவளி ஆட்டக்காரர்களைக் கூப்பிடுவதை நான் குறை சொல்லமாட்டேன். டியோன் கூல்ஸ், கோர்பின் ஓங் போன்றவர்களுக்கு இந்த மண்ணோடு உறவு இருக்கிறது, உழைத்தும் ஆடியிருக்கிறார்கள். 2025 ஜூன் 10ஆம் தேதி வியட்நாமை 4-0 என்று அடித்தபோது எங்கள் ஊர் மாமாக் கடையில் நாற்காலி மேல் ஏறி ஆடினார்கள். செப்டம்பரில் ஃபிஃபா குண்டைப் போட்டது. ஏழு பேரின் ஆவணங்கள் பொய்யானவை, தாத்தா பாட்டி பிறந்தது மலேசியாவில் இல்லை, அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து என்று. எழுவருக்கும் பன்னிரண்டு மாதத் தடை, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம். வியட்நாமுக்கு எதிரான நான்கு கோல்களில் இரண்டு அந்த எழுவரில் இருவர் அடித்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஆடியவர்கள் மேல்கூட அவ்வளவு கோபமில்லை. இத்தனை வருடம் பிள்ளைகளை வளர்க்காமல் விட்டு, கடைசியில் கடுதாசியில் தாத்தாவைத் தேடிய நிலைமைதான் கோபம்.

கிம் பான் கோனைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் 2022இல் அணியைத் தகுதிச் சுற்று வழியாகவே ஆசியக் கிண்ணத்துக்குக் கொண்டுபோனார். 1980க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை (2007இல் நாமும் சேர்ந்து நடத்தியதால் இடம் கிடைத்தது). கத்தாரில் ஜோர்டானிடம் 0-4, பஹ்ரேனிடம் 0-1. அப்புறம் அந்தத் தென்கொரியா ஆட்டம். 2024 ஜனவரி 25, தைப்பூசம். பத்துமலையிலிருந்து திரும்பும் பேருந்தில், மொட்டைத்தலையில் சந்தனம் காயாத பையன்கள் ஆளுக்கொரு கைப்பேசியை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நூற்றைந்தாவது நிமிடத்தில் ரோமெல் மொராலெஸ் 3-3 ஆக்கியபோது பேருந்து ஓட்டுநர் ஓரமாக நிறுத்திவிட்டு, “யாருடா அடிச்சான்?” என்று எழுந்து வந்தார். கொஞ்ச மாதத்தில் நிலைமை மாறியது. ஃபைசால் ஹாலிம் மேல் யாரோ திராவகம் வீசினார்கள், உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஒரே புள்ளியில் கிர்கிஸ்தானுக்குப் பின்னால் நின்றுபோனோம், ஜூலையில் கிம் விலகினார். இன்னும் இரண்டு ஆண்டு அவரை விட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, தமிழ்ப் பெயர்கள்.

மாமாக் கடையில் கேட்டால், “இனம் பார்த்து ஒதுக்குறாங்க” என்பார்கள். எங்காவது நடந்திருக்கலாம், இல்லவே இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் சத்தியநாதனும் ராஜகோபாலும் அடுத்தடுத்து அணியை நடத்திய காலமும் இருந்தது. 2010 அணியில் குணாளனும் குருசாமியும் இருந்தார்கள். அதற்கும் முன்னால், நீண்ட கையால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கிய கோல்காவலர் ஆர். ஆறுமுகம் இருந்தார். 1988இல் கார் விபத்தில் அவர் இறந்ததை எங்கள் அப்பா சொந்தச் சாவு போலச் சொல்வார். அவர்களை அனுப்பிய படிக்கட்டு இப்போது இல்லை என்பதுதான் விஷயம்.

அப்பா காலத்துத் தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் (ரப்பர்) வெட்டப் போய், பகலில் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்தால், மாலை முழுக்கத் திடல்தான். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் அணி. பந்தும் ஜெர்சியும் தோட்ட நிர்வாகியான துரை கொடுப்பார், வெளித்தோட்ட ஆட்டத்துக்குத் தோட்டத்து லாரியே வரும். தீபாவளி சமயம் ஒன்பது பேர் ஆட்டப் போட்டி நடந்தால் கிராணி (எழுத்தர்) முதல் மண்டோர் (கங்காணி) வரை கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார்கள். அங்கே நன்றாக ஆடுபவனை மாவட்ட அணிக்காரர் வந்து பார்ப்பார், பிறகு மாநிலம். யாருக்கும் காசு செலவில்லை. திடல் வீட்டு வாசலிலேயே இருந்தது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். நம் ஜனங்கள் பகாவ் தாமானுக்கும் செரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்தார்கள். தாமானில் திடல் என்று வரைபடத்தில் இருப்பது ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள ஒரு துண்டு நிலம். தோட்டப் பெயரோடு இருக்கும் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் ஆறாம் வகுப்பு ஆண்பிள்ளைகளை எல்லாம் கூட்டினாலும் பதினொரு பேர் தேறாது. திறமையுள்ள பையன்களைத் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது மாவட்டப் பள்ளிப் போட்டியைத்தான். அங்கே அணியே இறங்கவில்லை என்றால் கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி தேசியக் காற்பந்து அகாடமியின் கண்ணில் எவன் படுவான்? பாலோங், செர்திங் பக்கத்து ஃபெல்டாவில் மாலையில் போய்ப் பாருங்கள், திடல் நிறைந்திருக்கும். வித்தியாசம் கால்களில் இல்லை.

எங்களிடம் ஒரு பையன் இருந்தான். இடதுகால்காரன், ஓடினால் பிடிக்க முடியாது. செரம்பானில் தேர்வுக்குப் போய் முதல் சுற்றில் தேறிவிட்டான். பயிற்சி வாரத்தில் பல மாலை, பகாவிலிருந்து போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல். அப்பா செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறார், அம்மாவுக்குத் தொழிற்சாலையில் மாற்று ஷிஃப்ட். கொஞ்ச நாள் நானும் இன்னொரு அப்பாவும் மாறி மாறிக் கூட்டிப் போனோம். பள்ளிப் பரீட்சைக் காலம் வந்தது, நின்றுபோனான். இப்போது சாப்பாடு டெலிவரி செய்கிறான், ஞாயிற்றுக்கிழமை ஃபுட்சால் ஆடுகிறான், இன்றும் அவனைப் பிடிக்க முடியாது.

இந்தக் குறையை நிரப்ப மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபா ஓர் அணியை வளர்த்து, அது பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று நாட்டின் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக் வரை போனது. கோகிலேஸ்வரன் போன்றவர்கள் அதில் ஆடித்தான் தேசிய அணியின் அழைப்பைப் பெற்றார்கள். 2022இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமல் பி. மணியம் அந்த அணியை நடத்தினார். அந்த ஆண்டு முடிவோடு லீக்கிலிருந்து விலகிவிட்டது. அதன்பின் பழம்பெரும் பேராக் அணியே சூப்பர் லீக்கிலிருந்து ஒதுங்கியதைப் பார்த்தோம்.

ஆகவே அக்கா மகன் விஷயம். ஆடட்டும். ஆனால் மாதக் கட்டணம் வாங்கும் அகாடமியில் சேர்த்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். ஜெர்சி அழகாக இருக்கும், படம் நன்றாக வரும், போட்டி ஆட்டம் எத்தனை என்று கேட்டால் இழுப்பார்கள். ஆரம்பப் பள்ளியில் அணி சேராவிட்டால், பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பையன்களையும் சேர்த்து வயதுப் பிரிவுப் போட்டிகளுக்கு ஓர் அணியாகப் பதிய முடியுமா என்று மாவட்டக் காற்பந்துச் சங்கத்தில் கேளுங்கள். முதலாம் படிவத்துக்குப் போகும்போது, மாவட்டப் போட்டியில் தவறாமல் இறங்கும் இடைநிலைப்பள்ளி எது என்று விசாரித்து அங்கே இடம் கேளுங்கள். விளையாட்டுப் பள்ளித் தேர்வு அறிவிப்பை ஆசிரியர் சொல்வார் என்று காத்திருக்காமல் நீங்களே தேடுங்கள். விடுதி வசதி இருந்தால் தயங்காதீர்கள், எங்கள் பையனுக்கு அதுதான் கிடைக்காமல் போனது. இடதுகாலிலும் உதைக்கப் பழக்குங்கள். பாடத்தை விட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பகாவ் பக்கம் இருந்தால் ஒரு மாலை கூட்டி வாருங்கள், எங்களுக்கு எப்போதும் ஓர் ஆள் குறைகிறது.