கணினி ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் கேம்): பணம் எங்கே போகிறது, மனம் எங்கே ஒன்றுகிறது?

கேள்வி: நுணுக்கம் என்றாலே உயர்ந்த கிராஃபிக்ஸ்தானே? குறைந்த பட்ஜெட் கேமில் மனம் எப்படி ஒன்றும்?

பதில்: 1992இல் வெளிவந்த அல்டிமா 7 கேமை எடுத்துக்கொள்ளுங்கள். மாவு மூட்டையிலிருந்து மாவை மேசையில் கொட்டி, வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றினால் பிசைந்த மாவாகும். அதை அடுப்பில் வைத்தால் ரொட்டியாகும். கேமில் வரும் பிரிட்டன் என்ற நகரத்து ரொட்டிக்கடைக்காரர் இந்த வேலைக்குக் கூலியும் தருவார். கதைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. படமோ இன்றைய கண்ணுக்குப் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். ஆனாலும், தொட்டது அசைகிறது, செய்தது பலிக்கிறது என்ற நம்பிக்கை வந்தபின் கண் அந்தப் புள்ளிகளை மறந்துவிடுகிறது. நான் நுணுக்கம் என்பது இதைத்தான்.

கேள்வி: எல்லா உரையாடலுக்கும் குரல் கொடுப்பது வீண்செலவா?

பதில்: வீண் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதன் விலை பணத்தோடு முடிவதில்லை. மாரோவிண்ட் (2002) பெரும்பாலும் எழுத்தாகவே பேசியது. ஆகவே ஊர்க்கதை, வதந்தி, வழி என்று ஒவ்வொருவரிடமும் கேட்பதற்கு ஏராளம் இருந்தது. அதே தொடரில் அடுத்து வந்த ஆப்லிவியனில் (2006) எல்லாரும் வாய்திறந்து பேசினார்கள். பேரரசருக்கு நடிகர் பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் குரல் கம்பீரமாகப் பொருந்தியது. ஊர்மக்களுக்கோ ஒரு சில குரல்களே திரும்பத் திரும்ப வந்தன. நடுங்கும் கிழக்குரலில் காசு கேட்ட பிச்சைக்காரர், அடுத்த வரியிலேயே வேறொருவர் குரலில் திடமாகப் பேசுவார். எழுத்து மட்டும் இருந்திருந்தால் இந்த விரிசல் கண்ணில் பட்டிருக்காது. மேலும், எழுதிய வரியை வெளியீட்டுக்கு முந்தைய வாரம்கூடத் திருத்தலாம். பதிவான வரியைத் திருத்த நடிகரை மீண்டும் அழைக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் ஏராளமாகக் குரல் பதிவு செய்த பால்டர்ஸ் கேட் 3 மட்டும் எப்படி வென்றது?

பதில்: பணம் இருந்தது, அதைச் செலவிட்ட இடமும் சரியாக இருந்தது. லாரியன் நிறுவனம் 2020 அக்டோபரில் முன்னோட்டப் பதிப்பை விற்பனைக்கு விட்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆட்டக்காரர்களின் கருத்தைக் கேட்டுத் திருத்தி, 2023 ஆகஸ்டில் முழு கேமை வெளியிட்டது. அணிலோடு பேசும் மந்திரம், பிணத்தைக் கேள்வி கேட்கும் மந்திரம் என்று, பலர் எட்டிக்கூடப் பார்க்காத மூலைகளுக்கும் அதில் குரல் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த ஊதாரித்தனத்தை நான் ரசிக்கிறேன். ஆனால் சிறிய குழுவுக்கு அதை முன்மாதிரியாகச் சொல்லத் துணியமாட்டேன்.

கேள்வி: நாங்கள் நால்வர், இது எங்கள் முதல் ஆர்பிஜி. எதைக் குறைப்பது?

பதில்: வரைபடத்தின் பரப்பைக் குறையுங்கள். டாகர்ஃபால் (1996) நிரல்வழி ஆயிரக்கணக்கான ஊர்களை உருவாக்கியது. சில ஊர்களைப் பார்த்தபின் மற்றவை பார்த்த ஊர்களாகவே தோன்றும். 2001இல் வெளிவந்த, ஜெர்மனியின் பிரானா பைட்ஸ் நிறுவனம் உருவாக்கிய கோதிக், மந்திரத் தடுப்புக்குள் அடைபட்ட ஒரே பள்ளத்தாக்கோடு நின்றுகொண்டது. அங்கே ஒருவருடைய குடிசைக்குள் நீங்கள் கேட்காமல் நுழைந்தால் அவர் அதட்டுவார். வாளை உருவினால் உள்ளே வைக்கச் சொல்லி எச்சரிப்பார். இரவானால் தூங்கப் போவார்.

கேள்வி: குரலே வேண்டாமா?

பதில்: முதல் பால்டர்ஸ் கேட் (1998) செய்ததுபோல, முக்கியமானவர்களின் தொடக்க வரிகளுக்கு மட்டும் கொடுங்கள். மீதி வரிகளை வாசகர் அதே குரலில் தாமே வாசித்துக்கொள்வார்.