பேட்டரி புதுசு, 'டிக் டிக்' மட்டும் பழசு

கேள்வி: என்னுடையது 2013 மைவி கார். பதினான்கு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். காலையில் சாவியைத் திருப்பினால் இன்னமும் 'டிக் டிக்' சத்தம்தான். இப்போது அல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாகம்) போய்விட்டது என்கிறார் பொமேன் (மெக்கானிக்). இனி எண்ணெய், பிரேக் எல்லாவற்றையும் நானே செய்துகொண்டால் காசு மிச்சமாகுமா? அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன்.
- வாசகர், செந்தூல்

பதில்: எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். நம் ஊரில் பொமேன் கூலி ஒன்றும் கையைக் கடிப்பதில்லை. மாற்றத் தேவையில்லாத சாமானை மாற்றுவதுதான் கடிக்கிறது. அதனால் ஸ்பேனர் செட்டுக்கு முன்னால் ஹார்ட்வேர் கடையில் வோல்ட் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்குங்கள்.

காலையில் காடியை ஸ்டார்ட் செய்யும் முன், மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ். 12.2க்குக் கீழே என்றால் பாதி காலி. சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். அடுத்து, எஞ்சின் ஓடும்போது ஏர்கோன், ஹெட்லைட் இரண்டையும் போட்டு அளங்கள். 13.8 முதல் 14.4 வரை காட்டினால் அல்டர்னேட்டர் மேல் பழியில்லை. 13க்கு ஒட்டி நின்றால் பெல்ட் தளர்ச்சியா என்று முதலில் பாருங்கள். 15ஐத் தாண்டினால், சார்ஜ் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு. அது பேட்டரியைக் கொதிக்க வைத்தே கொன்றுவிடும்; எத்தனை புதுசு போட்டாலும் நிற்காது.

இரண்டு அளவும் சரியா? அப்படியென்றால் சந்தேகம், வயரை பேட்டரியோடு இணைக்கும் கிளாம்ப் மேல்தான். விரலால் முறுக்கிப் பாருங்கள், இம்மி அசைந்தாலும் தளர்ச்சிதான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் குமிழிலும் மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் அழுக்கு. ஹெட்லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும், அந்த அழுக்கைத் தாண்டி எரிந்துவிடும். எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டருக்கோ நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும், அங்கேதான் 'டிக் டிக்'. லைட் நன்றாக எரிகிறதே என்று ஏமாறுவது இதனால்தான்.

சுத்தம் செய்ய 10 எம்எம் ஸ்பேனர் போதும். மோதிரம், காப்பைக் கழற்றிவிடுங்கள். முதலில் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். பாசிட்டிவ்வை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்ட கணமே தீப்பொறி பறக்கும். ஒரு குவளை வெந்நீரில் ஒரு கரண்டி சமையல் சோடா கலந்து, பழைய பல்துலக்கியால் வெள்ளைப் பொடியைத் தேய்த்தெடுங்கள். நன்கு உலர்ந்ததும் குமிழையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேயுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். வாசலின் பூசுவது இறுக்கிய பிறகு. முன்பே பூசி வைக்காதீர்கள்.

டேஷ்கேம் மாட்டியிருக்கிறீர்களா? நிறுத்திய பிறகும் பதிவு செய்யும் வகை என்றால் இரவெல்லாம் பேட்டரியை உறிஞ்சும். ஒரு வாரம் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, காலையில் அளந்து ஒப்பிடுங்கள்.

பிரேக்கை பொமேனிடமே விடுங்கள். எண்ணெயும் அப்படித்தான்: அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் ஜேக் போட்டுக் கீழே படுப்பது ஆபத்து. தவிர, கழித்த எண்ணெய் மலேசியாவின் 2005 விதிமுறைப்படி அட்டவணைக் கழிவு (தனியாகக் கையாள வேண்டிய ஆபத்தான கழிவு), குறியீடு எஸ்டபிள்யூ 305. அதைச் சாக்கடையில் ஊற்ற முடியாது. ஏர் ஃபில்டர், வைப்பர், பல்பு ஆகியவற்றை தாராளமாக நீங்களே மாற்றலாம்.

அல்டர்னேட்டர்தான் குற்றவாளி என்று மீட்டர் சொன்னால், எண்களை எழுதிக்கொண்டு பொமேனிடம் போங்கள். புதுசு வாங்கும் முன், அதன் உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பல நேரம் தேய்ந்திருப்பது அந்தப் பிரஷ்தான்.