வேலி போடாத ஊர்

கேள்வி: இங்கிலாந்துக் கிராமம் என்றாலே வேலி போட்ட பச்சை வயல்கள்தான் படங்களில் வருகின்றன. ஒரு காலத்தில் வேலியே இல்லாமல் ஊரே சேர்ந்து பயிர் செய்ததாகப் படித்தேன். அப்படி ஓர் ஊர் இன்னும் மிச்சம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன். மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய வயல்கள், நீளநீளத் துண்டுகளாகப் பல விவசாயிகள் கையில் இருக்கின்றன, நடுவே வேலி கிடையாது. ஒருவருடைய நிலம் ஒரே இடத்தில் இருக்காது, மூன்றிலும் சிதறிக் கிடக்கும். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்த காலத்து விதைப்பு, மூன்றாவதற்கு ஓய்வு, அடுத்த வருஷம் முறை மாறும். நான் மட்டும் வேறு போடுகிறேன் என்று யாரும் தனியாகக் கிளம்ப முடியாது.

பக்கத்துத் துண்டில் ஒரு சால் கூடுதலாக உழுதுவிட்டால்? அதற்குத்தான் 'கோர்ட் லீட்' என்ற ஊர் நீதிமன்றம். நவம்பர் கடைசியில் ஊர் விவசாயிகளே நடுவர்களாகி, கோதுமை விதைத்த வயலை நடந்து பார்த்து, எல்லை தெரிய முளைக்குச்சி அடிப்பார்கள். பாதையோரப் புல்லையும் சேர்த்து உழுதவருக்கு அடுத்த வாரம் கூடும் நீதிமன்றத்தில் அபராதம். கூடுகிற இடம் ஊர் மதுக்கடை! இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான், ஏனென்றால் உழுகிறவர்களே ஒருவரை ஒருவர் கண்காணித்துக்கொள்வதால்தான் இந்த முறை இத்தனை காலம் நின்றிருக்கிறது.

மற்ற ஊர்களில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டம் போட்டே பொதுவயல்களைப் பிரித்து வேலி கட்டினார்கள், ஏழைகள் பலர் மேய்ச்சல் உரிமையை இழந்தார்கள். லாக்ஸ்டன் தப்பித்தது. ஆனால் அப்படியே உறைந்துபோன ஊர் என்று நினைக்க வேண்டாம், துண்டுகள் பின்னாளில் சேர்க்கப்பட்டுப் பெரிதாகிவிட்டன, உழுவதும் டிராக்டர்தான்.

பழைய அமைப்பைப் பார்க்க, மார்க் பியர்ஸ் 1635இல் வரைந்த வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. துண்டு துண்டாக நிலங்களைக் காட்டுவதோடு, உழுகிறவர்கள், அறுக்கிறவர்கள், வேட்டைக்காரர்கள் என்று குட்டிக் குட்டி ஆட்களையும் வரைந்து வைத்திருக்கிறார்.

அப்புறம், பண்ணை வீடுகள் வயலில் இல்லை, தெருவை ஒட்டி ஊருக்குள்ளேயே இருக்கின்றன. நிலம் சிதறிக் கிடந்தால் வேறு எங்கே வீடு கட்டுவது? வடக்கே நார்மன் காலத்துக் கோட்டையின் மண்மேடும் இருக்கிறது, அதையும் ஏறிப் பாருங்கள்.